ஒருநாள் தொண்டா, திறன் சார்ந்த தொண்டா: வேலைக்கு எது கைகொடுக்கும்?

ஒருநாள் நிகழ்ச்சியில் நாற்காலி போடுவதும் நல்ல தொண்டுதான். நாலு பேர் அறிமுகமாவார்கள். ஆனால் ரெஸ்யூமில் அது ஒரு வரியைத் தாண்டாது.

ஓர் அமைப்பின் கணக்கையோ இணையதளத்தையோ வாரம் 3 மணி நேரம் என 3 மாதம் ஏற்று நடத்தினால், நேர்காணலில் காட்டக் கையில் ஏதாவது இருக்கும். "400 நன்கொடையாளர் விவரங்களை ஒரே எக்செல் தாளில் சேர்த்து, இரட்டைப் பதிவுகளை நீக்கினேன்" என்று எழுதலாம். வெறும் 'உதவினேன்' என்பதற்கு அந்த எடை கிடையாது.

இதில் சறுக்குவது பெரும்பாலும் எல்லை வகுக்காததால்தான். என்ன வேலை, எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பார் என்பதை முன்பே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை இழுத்துக்கொண்டே போகும்; பாதியில் விட்டால் பரிந்துரைக் கடிதமும் கிடைக்காது. முடித்த வாரமே கடிதத்தைக் கேட்டுவிடுங்கள், ஆறப்போட்டால் விவரம் மறந்துவிடும்.

எந்தத் துறை என்றே முடிவு செய்யாதவர்கள் மட்டும் முதலில் இரண்டு மூன்று ஒருநாள் தொண்டுகளுக்குப் போய்ப் பார்க்கலாம்.