மருத்துவக் கருவிப் படிப்பு: பதிவு வகுப்பா, நேரலை வகுப்பா?

முன்பே பதிவுசெய்து வைத்த வீடியோவைப் பார்த்துப் படிக்கும் பதிவு வகுப்புக்குச் செலவு குறைவு, நேரமும் நம் கையில். நேரலை வகுப்புக்குக் கட்டணம் கூடுதல், குறித்த நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். என் சாய்வு நேரலைப் பக்கம். காரணம் ஒன்றே: நாம் எழுதியதைத் திருத்த அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

இடர் மேலாண்மையைப் பாருங்கள். அதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14971-இல் ஆபத்துமூலம், ஆபத்துச் சூழல், தீங்கு மூன்றும் வேறு வேறு. மருந்தை அளவாக உடலுக்குள் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப்பின் குழாயில் சேர்ந்த காற்று ஆபத்துமூலம். அது நோயாளியின் ரத்தநாளத்துக்குள் போவது ஆபத்துச் சூழல். அதனால் ரத்த ஓட்டம் அடைபடுவது தீங்கு. இவற்றை வரிசையாக எழுதும் இடர் அட்டவணையில், புதியவர் ஆபத்துமூலத்துக்கான முதல் கட்டத்திலேயே “காற்று சென்சார் பழுது” என்று எழுதிவிடுவார். அது காரணம்தான், ஆபத்துமூலம் அல்ல. அங்கிருந்து அட்டவணை முழுக்கக் கோணலாகிறது: சென்சார் நன்றாக இருந்தும் அலாரத்தை யாராவது அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற வரி விடுபட்டுப்போகும். இடரைக் குறைக்கும் கட்டுப்பாடுகளிலும் இதே கதைதான். வடிவமைப்பிலேயே ஆபத்தைக் குறைப்பது முதலில், பாதுகாப்பு ஏற்பாடு அடுத்து, எச்சரிக்கை வாசகமும் பயிற்சியும் கடைசியில். புதியவரோ கையேட்டில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார். நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இந்தத் தவறுகள் சிக்காது; வரையறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவரே அட்டவணையைத் தவறாக நிரப்புவார்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை பயிற்சிகள், யார் திருத்துவார், திருத்தியதை மறுபடி எழுதிக் கொடுக்கலாமா? திருத்தம் இல்லாத நேரலை வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

மாறாத அடிப்படைகளுக்குப் பதிவு வகுப்பே மேல். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 660, 940 நானோமீட்டர் ஒளிகளை ஏன் பயன்படுத்துகிறது, இதயத்தைத் தொடும் சிஎஃப் வகைப் பாகத்தில் நோயாளிக் கசிவு மின்னோட்டம் (கருவியிலிருந்து நோயாளியின் உடல் வழியே கசிவது) சாதாரண நிலையில் ஏன் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் பிடிபடும். சட்டப் பாடமென்றால் பதிவான தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருத்துவக் கருவிகளுக்கான புதிய 2017/745 விதி 2021 மே 26 முதல் அமலில் இருக்கிறது. பழைய 93/42 உத்தரவை நடப்பு விதியாகச் சொல்லும் பாடம் காலாவதி. மருத்துவக் கருவிகளுக்கான அமெரிக்கத் தர விதியும் 2026 பிப்ரவரி 2 முதல், சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485-ஐத் தழுவியதாக மாறிவிட்டது.

இவ்வளவும் வடிவமைப்பு, தரம், ஒப்புதல் சார்ந்த வேலைக்குச் சொன்னது. பழுது பார்க்கும் வேலைக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். மின்பாதுகாப்புச் சோதனைக் கருவியைத் தானே இணைத்து, பூமி இணைப்பின் மின்தடையை அளந்து பழக, திரைக்கு வெளியே ஒரு மேசை வேண்டும்.