தக்காளிக்கு வாங்கிய பச்சைப் பை

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உரக்கடையில் வாங்கிய 15 அங்குல குரோ பேக் இது, மாடியில் செடி வளர்க்கும் பை. 12 அங்குலமும் வைத்திருக்கிறார்கள். மிளகாய்க்குப் போதும், தக்காளி வேருக்குப் பற்றாது. துணி கெட்டி, வெயிலில் இன்னும் நைந்துபோகவில்லை. ஆனால் கைப்பிடி சும்மா பேருக்குத்தான். நனைந்த மண்ணோடு அதைப் பிடித்துத் தூக்கினால் தையல் விட்டு நூல் நூலாக வருகிறது. அடியில் கை கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும். துளைகளும் அடியில் மட்டும், அதனால் செங்கல் மேல் வைத்தால்தான் தண்ணீர் வடியும்.

“வெறும் மண்ணை ரொப்பாதீங்கண்ணா, தென்னைநார்க் கழிவும் மக்கின சாணியும் சரிபாதி கலந்துக்குங்க” என்றார் கடைக்காரத் தம்பி. நாற்றும் அவரே எடுத்துக் கொடுத்தார்: அனகா, கேரள வேளாண் பல்கலைக்கழக ரகம். நம் பக்கம் பச்சையாக நிற்கும்போதே செடியைச் சாய்க்கும் பாக்டீரியா வாடலைத் தாங்கும். காய் அவ்வளவு பெரிதில்லை, ரசத்துக்கு அது போதும்.

அப்புறம், மார்கழி தையில் மலைக் கணவாய் வழியே வீசும் காற்று மாடியில் என்ன பாடுபடுத்தும் என்று பாலக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செடி சாயாமல் முட்டுக் கொடுக்கப் பையில் குச்சி செருக வளையம் எதுவும் கிடையாது. இந்த விலைக்கு அதையாவது தைத்துக் கொடுத்திருக்கலாம்.