பச்சை இலை முத்திரையிட்ட ஒரு சிவப்பு ஒயின்

ஸ்பெயினில் பணிபுரியும் என் தங்கை மகன் சென்ற கார்த்திகையில் ஊருக்கு வந்தபோது, சுங்கத்தில் ஒருவருக்கு அனுமதிக்கப்படும் 2 லிட்டருக்குள் அடங்கும்படி இரண்டு ஆர்கானிக் சிவப்பு ஒயின் பாட்டில்களைக் கொண்டுவந்து தந்தான். 750 மில்லி பாட்டில் ஒன்று அங்கே 7 யூரோ. பக்கத்திலேயே அடுக்கியிருந்த, அதே திராட்சை வகையில் செய்த சாதாரண ஒயின் 5 யூரோவாம். ஒரு பாட்டிலை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டிலும், மற்றொன்றைச் சேலத்தில் தங்கை வீட்டிலும் திறந்தோம். கூடுதலாகக் கொடுத்த அந்த 2 யூரோவுக்கு என்ன கிடைக்கிறது என்று இரண்டு வாரமாக யோசித்ததன் விளைவே இந்த மதிப்புரை.

முதலில் ருசி. ஸ்பெயினின் லா மஞ்சா சமவெளியில் விளைந்த தெம்ப்ரனீயோ திராட்சை. நாவற்பழத்தைக் கசக்கினால் விரலில் ஒட்டுமே, அந்தக் கருஞ்சிவப்பு. மோந்தால் முதலில் உலர்ந்த திராட்சையும் சற்றுப் பொறுத்து ஈர மண்ணும் மணக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏற்காட்டு வீடுகளில் சர்க்கரை சேர்த்துச் செய்யும் ஒயினை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இதில் இனிப்பு அறவே இல்லை, பாக்கை மெல்லத் தொடங்கும்போது நாக்கில் பரவும் துவர்ப்புதான் இருக்கிறது. சேலத்தில் பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தது தவறு. மிளகாய்க் காரம் ஒயினின் எரிவைக் கூட்டி, பழத்தின் மணத்தை அமுக்கிவிட்டது. தோட்டத்து மிளகும் உப்பும் மட்டும் போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு மிக நன்றாகப் பொருந்தியது. ஆயினும் கண்ணைக் கட்டிவிட்டு இதையும் 5 யூரோ ஒயினையும் கொடுத்தால் எது ஆர்கானிக் என்று ருசியை வைத்து என்னால் சொல்ல முடியாது. வேறு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் நான் நம்பவில்லை.

வேறுபாடு பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் இருக்கிறது. பச்சை நிறப் பின்னணியில் பன்னிரண்டு நட்சத்திரங்களால் வரைந்த ஓர் இலை, அதனருகே ஸ்பெயினைக் குறிக்கும் எழுத்துகள், சான்றளித்த அமைப்பின் எண். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் முத்திரை. 2012-க்கு முன்பு அங்கே ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்று மட்டுமே அச்சிட முடிந்தது; அந்த ஆண்டு அறுவடையிலிருந்துதான் பிழிந்து புளிக்கவைத்துப் பாட்டிலில் அடைப்பது வரைக்கும் விதிகள் வந்து, ‘ஆர்கானிக் ஒயின்’ என்ற பெயரே செல்லுபடியானது. பழைய தோட்டம் ஒன்று இந்த முத்திரையைப் பெற மூன்று ஆண்டுகள் செயற்கை இரசாயனமின்றிப் பயிர்செய்து காட்ட வேண்டும். தமிழில் ஆர்கானிக்கையும் ‘இயற்கை’ என்கிறோம், நேச்சுரலையும் ‘இயற்கை’ என்கிறோம். ஒயினில் இவை இரண்டும் ஒன்றல்ல. நேச்சுரல் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் யாரும் தோட்டத்துக்குள் வந்து சோதித்தார்கள் என்று பொருளாகாது. வாங்குகிறவர் தேட வேண்டியது முத்திரையையும் அதனருகே உள்ள எண்ணையும்தான்.

அந்த முத்திரை என் மனத்தைத் தொட்டதற்குக் காரணம், மருந்து அடிப்பது என்றால் என்னவென்று நான் அறிந்திருப்பது. காப்பியின் இலைத்துரு நோய்க்கு எங்கள் மலையில் மழைக்கு முன்பும் பின்பும் போர்டோ கலவை அடிப்போம். மயில்துத்தம் என்ற செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கி, தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும் இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்போம். கத்தியில் செம்பு சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு இன்னும் போதவில்லை. இந்தக் கலவை பிறந்ததே ஒயின் திராட்சைக்காகத்தான். பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை யாரும் பறிக்காமல் இருப்பதற்காகத் துத்தமும் சுண்ணாம்பும் பூசிய கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த மில்லார்தே என்ற அறிவியலாளர் 1885-இல் அதை உலகுக்கு அறிவித்தார். ஆர்கானிக் தோட்டங்களிலும் இதற்கு அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கெடுக்கும் என்பதால், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக்கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆர்கானிக் என்றால் எதுவுமே தெளிக்காதது என்று எண்ணிவிட வேண்டாம். செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் உரமும் இல்லாதது என்பதே அதன் பொருள்.

அது சிறிய விஷயமா? என் தந்தை காலத்தில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டுக்காக அரபிகாக் காப்பிச் செடிகளின் தண்டில் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைப் பூசினார்கள். பூசியவர்கள் கையுறையைக் கண்டதில்லை. மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எங்களிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்த நாட்களில் மாலையில் குளித்துவிட்டு வந்தும் வாடை போகவில்லையென்று சோற்றைத் தள்ளிவிட்டுத் தலைவலியோடு படுத்துவிடுவார். அந்த மருந்தின் பயன்பாட்டுக்கு இந்தியாவில் 2013-இல் தடை வந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு பாட்டிலுக்கு 2 யூரோ கூடுதலாகக் கொடுப்பதால் முகம் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளியின் மூச்சில் அப்படியொரு வாடை ஏறாமல் இருக்குமானால், அந்தப் பணத்தை நான் மனம் நிறைந்து கொடுப்பேன். குடிப்பவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் திராட்சையை உப்புநீரில் ஊறவைத்துக் கழுவித் தின்கிறோம். ஒயினுக்கான திராட்சையையோ பொதுவாகக் கழுவாமலே பிழிகிறார்கள்.

உடலுக்கு நல்லது என்று இதை வாங்குகிறவர்களிடம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பாட்டிலிலும் 13.5 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் ஆர்கானிக், சாதாரணம் என்ற பேதம் கிடையாது. குறைவது, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டின் அளவு. ஐரோப்பாவில் இனிப்பற்ற சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆர்கானிக்கில் 100 வரைதான். குறைவே தவிர, இல்லாமல் இல்லை. ‘சல்ஃபைட் உள்ளது’ என்று இந்தச் சீட்டிலும் அச்சாகியிருக்கிறது. ஆஸ்துமா உள்ள நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தம்ளரை அப்படியே கீழே வைத்தார். சல்ஃபைட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும் என்பதால் அவர் செய்ததுதான் சரி. அமெரிக்காவில் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று விற்பதானால் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது, ஆகவே எந்த நாட்டு முத்திரை என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

சேலத்தில் நான் விசாரித்த இடங்களில் இந்த வகை கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைப்பதே இப்போதைக்கு வழி. திறந்த பாட்டிலைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்: ஏற்காட்டுக் குளிரில் மறுநாளும் மணம் மாறாமல் இருந்தது, ஆனால் சேலத்தில் மூடிபோட்டு மேசையிலேயே விட்டுவைத்தது இரண்டாம் நாள் மாலையில் லேசாகக் காடி வாடை அடிக்கத் தொடங்கியது. அடுத்த முறை பெரிய பாட்டிலுக்குப் பதிலாக 375 மில்லி பாட்டிலாகப் பார்த்து வாங்கி வரும்படி தங்கை மகனிடம் சொல்லியிருக்கிறேன்.