டோலக் ட்ராக்கை எந்த மியூசிக் லைப்ரரிக்குக் கொடுக்கலாம்?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வீட்டு அறையிலேயே கானா பீட் போட்டு, அதை சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் பின்னணி இசை விற்கும் லைப்ரரிகளிடம் கொடுக்க யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. லைப்ரரியின் பெயரைவிட அது நீட்டும் ஒப்பந்தம்தான் முக்கியம் என்பதால் அதற்குத்தான் மார்க் போடுகிறோம்.

மொத்தமாக வாங்கிக்கொள்ளும் லைப்ரரிக்கு 5க்கு 1. காசு உடனே வரும். ட்ராக் எத்தனை வருடம் டிவியில் ஓடினாலும் லைப்ரரியிடமிருந்து அதற்குமேல் எதுவும் வராது. ஆனால் 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, இசையமைத்தவரும் பாட்டு எழுதியவரும் தங்கள் ராயல்டி பங்கை லைப்ரரிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ஐபிஆர்எஸ் போன்ற, ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் எழுதித்தரலாம். மீறி எழுதிய ஷரத்து செல்லாது. உரிமையை எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் 5 வருடம், எந்த நாடு என்று இல்லையென்றால் இந்தியா மட்டும். வெளிநாட்டுச் சட்டப்படி என்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பை நம்பி இறங்காதீர்கள்.

ஒரே ட்ராக்கை வேறு வேறு தலைப்பில் பல லைப்ரரிகள் விற்கும் முறைக்கு 2. உரிமை உங்களிடமே இருக்கும், அது நல்லது. சிக்கல் யூடியூப் கன்டென்ட் ஐடியில், அதாவது வீடியோவில் யாருடைய ஆடியோ இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பில் வரும். இரண்டு லைப்ரரி ஒரே ஆடியோவைப் பதிந்தால் காசு கொடுத்து வாங்கியவருக்கே உரிமை கோரும் கிளெய்ம் போகும். அவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார்.

நம் ஓட்டு சிறிய, சுயேச்சையான, பாதிக்குப் பாதி பிரிக்கும் லைப்ரரிக்குத்தான்: 4. கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். பாதி என்பது மொத்த வசூலிலா, செலவு கழித்த பிறகா? சேனலுக்கு வருடச் சந்தாவாக மொத்த லைப்ரரியையும் கொடுத்தால் அந்தப் பணம் எப்படிப் பிரிகிறது? எந்த நிகழ்ச்சியில் எத்தனை நொடி ஓடியது என்ற க்யூ ஷீட்டில் உங்கள் பெயரும் ஐபிஐ எண்ணும் (படைப்பாளருக்கான சர்வதேச அடையாள எண்) ஏறுமா? க்யூ ஷீட் சங்கத்துக்குப் போகாவிட்டால் ராயல்டி உங்களைத் தேடி வர வழியே இல்லை. ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ட்ராக்கையும் பதிந்து வையுங்கள். கானா பாடியவரே பாட்டு வரிகளையும் கட்டியிருந்தால் அவர் பங்கையும் பாடிய அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவரை விட்டுவிட்டு நமக்கு மட்டும் நியாயம் கேட்பது நியாயமில்லை. அமெரிக்க லைப்ரரி என்றால் பான் எண்ணோடு டபிள்யூ-8பென் என்ற, அமெரிக்கர் அல்லாதவருக்கான அந்நாட்டு வரிப் படிவம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அங்கே சம்பாதித்த ராயல்டிக்கு வரி 15 சதவீதம், இல்லையென்றால் 30.

அனுப்புவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். முழு ட்ராக், மெலடி இல்லாதது, 60, 30, 15 நொடி கட், கூடவே ஸ்டெம்கள், அதாவது கருவி வாரியாகப் பிரித்த தனித்தனி ஆடியோக்கள். டோலக் தனி ஸ்டெமாக இருக்கட்டும், எடிட்டருக்குத் தேவைப்படுவது அதுதான். மாஸ்டரில் லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்குவது) போட்டபடி ஒவ்வொரு ஸ்டெமாக எடுத்தால், சேர்த்துக் கேட்கும்போது முழு ட்ராக் மாதிரி இருக்காது. ஃபேட் அவுட் வேண்டாம், கடைசி அடி நின்று முழங்கி அடங்க வேண்டும். கடல்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து டோலக்கின் சுருதி இறங்கும்; ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கயிற்றை இழுத்துச் சரிபாருங்கள்.