பழைய அலுமினியப் படகைப் பட்டறையில் விடுவதற்கு முன்

அமெரிக்காவில் ஏரிப் பக்கம் குடியிருந்து, பழைய ரிவெட் படகு (தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த படகு) வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இது.

என் மனைவியின் தாத்தா 1960களில் வாங்கிய கிரம்மன் படகு, மாமனார் கைக்குப் போய் இப்போது எங்களிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஹெல்கேட் விமானம் செய்த அதே கிரம்மன்தான். போர் முடிந்ததும் அலுமினியக் கனூ (ஒடுக்கமான துடுப்புப் படகு), மற்ற படகுகள் என்று இறங்கினார்கள். 1952 முதல் நியூயார்க் மாநிலத்து மாரத்தான் என்ற சிற்றூரில் இந்தத் தயாரிப்பு நடந்தது.

எங்கள் படகில் இருந்த கோளாறு சின்னதுதான். சில ரிவெட்டுகள் தளர்ந்து நீர் கசிந்தது, மோட்டார் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது. "பழைய அலுமினியமா, கண்ணை மூடிக்கொண்டு செய்வோம்" என்றார் பட்டறைக்காரர். அப்படியேதான் செய்திருக்கிறார்.

கசிந்த இடத்திலெல்லாம் வெல்டிங் வைத்துவிட்டார். கடினப்படுத்திய அலுமினியத் தகடு அந்தச் சூட்டில் வலுவிழக்கும், பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். ஒருவர் வெளியே ரிவெட் சுத்தியலைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்தால் தளர்ந்த ரிவெட் மறுபடி இறுகும். அது தேறாவிட்டால் துளைத்தெடுத்து ஒரு சுற்றுப் பெரியதாகப் போட வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும், வெல்டிங்குக்கு ஒருவர் போதும். சங்கதி அவ்வளவுதான். முன்பு சொட்டுச் சொட்டாகக் கசிந்த படகில் இப்போது வெல்டிங் ஓரமாக விரிசல். மொண்டு ஊற்றி மாளவில்லை.

அதைவிட மோசம் பின்பலகை. வீட்டுத் திண்ணைக்குப் போடும், செம்பு மருந்தேற்றிய மரத்தை அலுமினியத்தோடு நேராக ஒட்டி முடுக்கியிருக்கிறார். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரிக்கும். பலகையைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொடி, அதற்கடியில் குழி குழியாகத் தகடு. "இந்த மரம் ஆயுசுக்கும் அழுகாது" என்று பெருமை வேறு! மரம் அழுகாது, படகுதான் கரையும். சாதாரண மரைன் பிளைவுட்டுக்கு நாலு பக்கமும் எப்பாக்ஸி (நீர் புகாத பிசின்) பூசியிருந்தால் போதும்.

பெயிண்ட் உரிவதைச் சொல்லவே வேண்டாம், அடியில் அலுமினியத்துக்கான பிரைமரே (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) இல்லை.

கேட்டால், "படகு பழசு, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார். பில்லில் 'படகு பழுது' என்று ஒரே வரி. ரிவெட்டா வெல்டிங்கா, என்ன மரம், என்ன பிரைமர் என்று எழுதி வாங்காமல் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள். கார்டில் கட்டிய தொகைக்கு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். தள்ளுபடி தருகிறேன் என்று ரொக்கமாக வாங்கியது போனது போனதுதான்.