12 மணி நேர பியானோவுக்கு 19 லட்சம்: இங்கிலாந்துக்கு இசை படிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தப் பதிவில் வராது. கடைசியில் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய தாளில், பெயரைச் சொல்லக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. ஏஜென்ட்டின் பெயரும் வேண்டாம். ஒருவர் பெயரைச் சொன்னால், அதே வேலையைச் செய்கிற மற்றவர்களெல்லாம் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

எனக்குப் பாளையங்கோட்டை. ஒன்பது வயதில் சபையில் ஆர்கன் வாசிக்கிற அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன். டிரினிட்டி தேர்வில் எட்டு கிரேடும் முடித்து, ஏடிசிஎல் டிப்ளமோவும் வாங்கினேன். கல்லூரியில் படித்தது பி.காம். பியானோவை முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்று வீட்டில் வாய் திறக்கவே இரண்டு வருடம் ஆனது. அப்பா சரி என்றதும், 2023 மே மாதம் சென்னைக்குப் போய் ஒரு கன்சல்டன்சியில் உட்கார்ந்தேன்.

சான்றிதழைப் புரட்டிவிட்டு அங்கிருந்த ஏஜென்ட் அண்ணாச்சி சொன்னது இது: "டிரினிட்டியா? அப்போ லண்டன் காலேஜே உங்க பக்கம் தம்பி. ஏடிசிஎல்னா டிகிரிக்குச் சமம்." இரண்டும் தப்பு. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வு நடத்தும் அமைப்பு. டிரினிட்டி லாபன் என்பது இசையும் நடனமும் சொல்லித்தரும் கல்லூரி, அது வேறு. இங்கிலாந்தின் தகுதி அடுக்கில் ஏடிசிஎல் 4-ஆம் நிலை, அதாவது இளங்கலை முதலாண்டு அளவு. அதற்கு மேலான டிப்ளமோ எல்டிசிஎல்தான் 6-ஆம் நிலை, இளங்கலை முடிக்கிற அளவு. நம் ஊரில் சொல்லித்தருகிற டீச்சர்களே இதைக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஏடிசிஎல்லோடும் பி.காமோடும் வந்த ஒருவனை எம்.ஏ. பெர்ஃபார்மன்ஸ் (மேடை வாசிப்பு) படிப்பில் ஏன் கேள்வியே கேட்காமல் எடுக்கிறார்கள் என்று யோசித்திருப்பேன்.

அவர் நீட்டிய பட்டியலில் ஐந்து பல்கலைக்கழகங்கள் இருந்தன. ராயல் அகாடமி, ராயல் காலேஜ், மான்செஸ்டரில் இருக்கிற ராயல் நார்தர்ன் என்று நாம் கேள்விப்பட்ட கன்சர்வேட்டரிகள், அதாவது இசைக்கென்றே இருக்கிற கல்லூரிகள், ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் அவங்க நாட்டுப் பிள்ளைகளுக்கு" என்றார். உண்மை என்னவென்றால், அவற்றுக்கு யூகாஸ் கன்சர்வேட்டரீஸ் என்று தனி விண்ணப்ப முறை இருக்கிறது. அடுத்த செப்டம்பரில் சேர வேண்டுமானால் முந்தைய அக்டோபர் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆடிஷனுக்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கட்டணம். மே மாதத்தில் வந்து நிற்கிறவனை அங்கே அனுப்ப முடியாது, அனுப்பினாலும் அவருக்கு என்ன கிடைக்கும்? மாணவன் சேர்ந்தால் பல்கலைக்கழகம் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. நம்மிடம் 'ஃப்ரீ சர்வீஸ்' என்று சொல்வது அதனால்தான். என்னிடம் அதிலும் 'விசா ஃபைல் சார்ஜ்' என்று 12,000 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கிடையாது.

15 நிமிட வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஆறே நாளில் ஆஃபர் வந்தது. வீட்டில் கேக் வெட்டினோம். நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஒரு ஆசிரியர்கூட என்னிடம் பேசவில்லை, ஒரு ஸ்கேல் வாசித்துக் காட்டு என்று கேட்கவில்லை. அவ்வளவு வேகமாக வருகிற ஆஃபரைப் பார்த்து இப்போது எனக்குப் பயம்தான் வரும்.

பணக் கணக்கு இப்படி. படிப்புக் கட்டணம் 18,600 பவுண்டு, அன்றைய விலையில் 19 லட்சத்துக்கு மேல். அதில் 4,000 பவுண்டு முன்பணம் கட்டினால்தான் விசாவுக்குத் தேவையான சிஏஎஸ் எண் கொடுப்பார்கள். விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வரும், நாம் மனம் மாறினால் வராது. செலவுக்கு மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 9,207 பவுண்டு வங்கியில் 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். விசாவுக்கு 363, மருத்துவ வரி 705. இவையெல்லாம் 2023 கோடைக் கணக்கு, பிறகு கூடிவிட்டன. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது.

செப்டம்பர் கடைசி வாரம் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரத்தில் ஒரு கையேடு தந்தார்கள். அதில் 14-ஆம் பக்கத்தில் இருந்தது: தனிப் பயிற்சி, ஆண்டுக்கு 'அதிகபட்சம்' 12 மணி நேரம். அந்த ஒரு சொல்லை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பாளையங்கோட்டையில் என் டீச்சர் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், மாதம் 2,500 ரூபாய்க்கு.

எம்.ஏ. மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. அதாவது 1,800 மணி நேரத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருப்பது 12. இறுதிக் கச்சேரிக்கு 60 கிரெடிட். மீதியெல்லாம் ஆய்வு முறைகள், கட்டுரைகள், ஒரு தொழில் திட்ட அறிக்கை. கட்டணத்தை 12-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் 1,550 பவுண்டு. மற்ற வகுப்புகளும் இருக்கின்றன, அதனால் இது முழு நியாயமான கணக்கு இல்லைதான். ஆனால் நான் போனது வாசிக்கக் கற்க. கட்டுரை எழுத இல்லை.

வலைத்தளத்தில் முதலில் நின்ற பியானோ கலைஞரைப் பார்த்துத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தேன். அவர் வருகைதரு ஆசிரியராம். வருடத்தில் ஒரு நாள் வந்தார், நான்கு பேர் அவர் முன்னால் வாசித்தார்கள், நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். எனக்குக் கிடைத்த ஆசிரியர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், மூன்று ஊர்களில் ஓடி ஓடிச் சொல்லித்தருகிறவர். நல்ல மனுஷி, பழி அவர்மேல் இல்லை. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போன இரண்டு பாடங்கள் கடைசி வரை ஈடு செய்யப்படவில்லை.

பிராக்டிஸ் ரூம் நான்கு. வலைத்தளப் படத்தில் இருந்த ஸ்டைன்வே பியானோ கச்சேரி அரங்கில் பூட்டியிருந்தது, தேர்வன்று தொட்டேன். மற்றபடி ஸ்ருதி இறங்கிய அப்ரைட் பியானோக்கள்தான், சுவரோரம் நிற்கிற வகை. ஒருவருக்கு நாளைக்கு ஒரு மணி நேரம், இரவு ஒன்பதுக்குக் கட்டிடம் மூடிவிடும். விடுதி அறையில் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு சமாளித்தேன். பாளையில் என் வீட்டில் நினைத்த நேரத்தில் வாசித்தேன், பக்கத்து வீட்டு ஆச்சி நிறுத்தினால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்.

அந்த நவம்பரில் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகம் தன் இசைப் படிப்புகளை மூடப்போவதாக அறிவித்தது. எங்களுடையது அது இல்லை. ஆனால் எங்கள் துறையில் இருந்தவர்கள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இசைத் துறைகள் அங்கே எப்படித் தவிக்கின்றன, வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது அடுத்தது. "வீக்எண்ட்ல ஒரு கல்யாணத்துல வாசிச்சா 150 பவுண்டு தம்பி, ரெண்டு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தா வாடகை வந்துரும்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் அப்பா கடன் கணக்கே போட்டார். அங்கே போன பிறகு தமிழ்ச் சபை ஒன்றில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வாசிக்க 80 பவுண்டு தருவதாகக் கூப்பிட்டார்கள். ஏதோ உறுத்தியதால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டேன். அந்த அம்மா ஒரு தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் கூடாது, கேளிக்கைக் கலைஞராக வேலை பார்க்கக் கூடாது. பாடத்திட்டத்தின் பகுதியாக மதிப்பெண் போடப்படும் பயிற்சி வேலைக்கு மட்டும் விலக்கு. காசுக்குக் கச்சேரி, தனி டியூஷன் இரண்டும் அடிபட்டுப் போயின. இசை படிக்கப் போனவன் இசையைத் தவிர வேறு எதையும் செய்து சம்பாதிக்கலாம்! படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால்தான் அந்தத் தடை விலகும்.

நான் சபையில் சும்மா வாசித்துவிட்டு வந்தேன். அதன்பின் ஒரு கிடங்கில், குளிர்பதன அறையில், பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். கையுறை போட்டாலும் மூன்று மணி நேரத்தில் விரல் நுனி மரத்துவிடும். மறுநாள் காலை பாடத்தில் ட்ரில் (இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வராது. டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

புகார் கொடுத்தேன். 'அதிகபட்சம்' என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறதே என்று பதில். நான் சேர்ந்தபோது வலைத்தளத்தில் வேறு மாதிரி இருந்தது, ஆனால் படம் எடுத்து வைக்கவில்லை, பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள். வகுப்பில் ஒரு நைஜீரியப் பையன் சொல்லித்தான், பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன். மே மாதப் பக்கம் அப்படியே கிடைத்தது: 'வாராந்திர தனிப் பயிற்சி'. அதை இணைத்து, இறுதி முடிவுக் கடிதம் தாருங்கள், ஓஐஏவுக்குப் போகிறேன் என்று எழுதினேன். ஓஐஏ என்பது இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர் புகார்களை இலவசமாக விசாரிக்கும் சுதந்திர அமைப்பு, வெளிநாட்டு மாணவரும் போகலாம். பல்கலைக்கழகத்துக்குள் முறைப்படி புகார் முடிந்த கடிதம் வேண்டும், அது கிடைத்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். 1,200 பவுண்டு தருகிறோம் என்று பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. அந்த மாத வாடகை பாக்கி இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். ஏஜென்ட்டை நடுவில் வைக்காமல் துறைக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள். தனிப் பாடம் எத்தனை நிமிடம், எத்தனை வாரம், யார் எடுப்பார், ரத்தானால் ஈடு உண்டா, பிராக்டிஸ் ரூம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். எண் போட்டுப் பதில் வரவில்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள். வலைப்பக்கத்தை அன்றைக்கே பிடிஎஃபாக எடுத்துவையுங்கள். அங்கே இப்போது படிக்கிற ஒருவரிடமாவது பேசுங்கள்.

ஏஜென்ட்டிடமும் பேசிப் பார்த்தேன். "அது யுனிவர்சிட்டி விஷயம் தம்பி, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். பட்டமளிப்பு அன்று நான் அப்பாவுக்கு அனுப்பிய படம் எப்படியோ அவர்கள் கைக்குப் போய், அலுவலகச் சுவரில் தொங்குகிறது, கீழே 'யுகே மியூசிக் மாஸ்டர்ஸ்' என்று எழுதி. எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். போன மாதம் அங்கே போன ஒரு பையன் சொன்னான், இன்னும் இருக்கிறதாம்.