பிந்திப் போன துட்டி: பிராகின் பொன்புலி மதுக்கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைக்கு நான் பீருக்காகப் போகவில்லை. துட்டி கேட்கப் போனேன். துக்கம் விசாரிப்பதை எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

2003-ல் சென்னையில் பழைய புத்தகங்களை எடைக்குப் போடுகிற ஒரு கடையில் செக் எழுத்தாளர் போஹுமில் ஹ்ராபலின் ‘அளவுக்கு மீறி இரையும் தனிமை’ நாவல் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்தது. சுமார் நூறு பக்கம்தான், தராசு முள் அசையவே யோசித்தது. முப்பத்தைந்து வருஷமாகப் பழைய பேப்பரை இயந்திரத்தில் போட்டு அமுக்கிக் கட்டு கட்டுகிற ஹாந்தா என்பவனின் கதை. நிலவறையில் வேலை. மேலிருந்து கொட்டுகிற குப்பைக்குள் நல்ல புத்தகம் தட்டுப்பட்டால் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவான், நடுநடுவே பீர் குடிப்பான். இப்படிப்பட்ட கதையையே நான் எடைக்கு வாங்கி வந்திருக்கிறேன் என்பது பாதி படித்தபோதுதான் உறைத்தது.

பின்னட்டையில் ஆசிரியர் செக் தலைநகர் பிராகில் வசிக்கிறார் என்று போட்டிருந்தது. கடிதம் எழுதலாமென்று ஏர்மெயில் கவர்கூட வாங்கி வைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வருஷம் கழித்து அவருடைய இன்னொரு நாவலின் முன்னுரையில்தான் விஷயம் தெரிந்தது. மனிதர் 1997 பிப்ரவரி 3-ம் தேதியே போய்விட்டார். 82 வயது. புலோவ்கா மருத்துவமனையில் ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்திருக்கிறார். புறாக்களுக்குத் தீனி போடும்போது தவறிவிட்டார் என்று ஒரு கட்சி. ஐந்தாவது மாடியிலிருந்து குதிப்பதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறாரே என்று இன்னொரு கட்சி. எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம். நான் வாங்கிய கவருக்கு முகவரியே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, அவர் வழக்கமாகக் குடித்த கடைக்கு வருகிறேன். ஹுசோவா தெரு, 17-ம் எண். ஸ்தாரோமெஸ்ட்ஸ்கா மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். வாசலுக்கு மேலே சுவரில் புலி இருக்கும். செக் மொழியில் பெயர் ‘உ ஸ்லாத்தேஹோ திக்ரா’. மதியம் மூன்று மணிக்குத் திறப்பார்கள். நான் முதல் நாள் ஆறு மணிக்குப் போனது என் முட்டாள்தனம். மறுநாள் இரண்டரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள், ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வாடிக்கைக்காரர்களுக்கென்று மேசைகள் உண்டு. மற்றவர்கள் முன்பின் தெரியாதவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எந்த பீர் என்று கேட்கவே இல்லை. பில்ஸ்னர் உர்க்வெல். உட்கார்ந்த கையோடு கோப்பை வந்து இறங்கியது. நுரை இரண்டு விரல் கனம், ஈரமாக, கெட்டியாக. ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணாடியின் உட்புறம் ஒரு வளையம் விட்டுக்கொண்டே கீழே இறங்கியது. கசப்பு முதலில் தெரியவில்லை, விழுங்கிய பிறகு அடிநாக்கில் மெதுவாக எழுந்தது, பாகற்காய் வற்றல் மாதிரி. பரிமாறுகிறவர் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துப் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதுதான் கணக்கு. கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும், சீட்டில் இன்னொரு கோடு விழும். போதுமென்றால் அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கோப்பையை மூடிவிட வேண்டும். நம் பந்தியில் இலையை மடிப்பது போல. அந்தச் சூட்சுமம் பிடிபடுவதற்குள் எனக்கு மூன்று கோடு விழுந்துவிட்டது. சாப்பிட, பீர் ஊற்றி வெங்காயமும் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்த சீஸ், கூட ரொட்டி. வாடை தூக்கலாக இருந்தாலும் தட்டைத் துடைத்துவிட்டேன்.

சுவரில் படங்கள். 1994 ஜனவரி 11 அன்று செக் அதிபர் ஹாவெல் அமெரிக்க அதிபர் கிளிண்டனை இங்கேதான் கூட்டி வந்தார். ஹ்ராபலைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போகவில்லை, அவர் குடிக்கிற இடத்துக்கே இரண்டு அதிபர்கள் வந்தார்கள். எல்லோரும் அந்தப் படத்தைத்தான் செல்போனில் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் எனக்கு வேண்டிய ஹ்ராபல் அந்தப் படத்தில் இல்லை. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, போர்க்காலத்தில் ரயில் நிலையத்தில், அப்புறம் க்ளாத்னோ எஃகு ஆலையில், அடிபட்ட பிறகு ஸ்பாலெனா தெருவில் பழைய பேப்பர் அமுக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர் அவர். முழுநேர எழுத்தாளரானபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. 1970-ல் அவர் எழுத்துக்குத் தடை வந்து, அச்சாகித் தயாராக இருந்த அவருடைய இரண்டு புத்தகங்கள் அப்படியே கூழாக்கப்பட்டன. ஹாந்தாவின் இயந்திரத்தை அவர் சும்மா கற்பனை செய்துவிடவில்லை. பிறகு 1975-ல் அரசோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு பேட்டி கொடுத்தார், மறுபடி அச்சில் வர வழி கிடைத்தது. கோபப்பட்ட இளைஞர்கள் பிராகின் காம்பா தீவில் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அரசு கூழாக்கியதையும் வாசகர்கள் எரித்ததையும் ஒரே ஆயுளில் பார்த்தவரிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் தேடி வந்தவர் எங்கே இருந்தார் என்றால், என் எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர் வாயில். மூன்றேகாலுக்கு ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை. பக்கத்துக்காரரிடம் பேசினார், என்னிடம் பேசினார், நடுவில் கோப்பையிடமும் பேசினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஏதோ ஒரு பன்றியும் மைத்துனரும் வருகிற கதை என்று கையசைவில் ஊகித்தேன். முடிவில் மேசையைத் தட்டிச் சிரித்தார், நானும் ஒரு நொடி பிந்திச் சிரித்தேன். ஹ்ராபல் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ‘பாபித்தெலே’ என்று ஒரு சொல் வைத்திருந்தார். நம் மொழியில் கதை அளக்கிறவர்கள். 1964-ல் வந்த ஒரு நாவலில் அப்படியொரு கிழவரை விட்டு, முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வாக்கியமாகப் பேச வைத்திருக்கிறார். படிக்கும்போது அது எழுத்தாளரின் வித்தை என்று நினைத்திருந்தேன். இங்கே உட்கார்ந்த பிறகு, பக்கத்து மேசையில் கேட்டு எழுதிக்கொண்டார் என்றே தோன்றுகிறது.

பீருக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். அமைதியாகப் பேச இடம் தேடுகிறவர்கள் வர வேண்டாம். சமாதியைப் பார்க்க வேண்டுமென்றால் கெர்ஸ்கோ பக்கம் ஹ்ராதிஷ்ட்கோ போகலாம். பூனைப் பிரியர் என்பதால் வாசகர்கள் அங்கே பூனைப் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். கையில் செக் கொரூனா ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் கொடுத்தேன். சீட்டை எடுத்துக் கோடுகளை எண்ணிக் கூட்டிச் சொல்வார்கள்.

எழுந்தபோது கிழவர் கோப்பையைத் தூக்கி “நா ஸ்க்லெதனோவ்” என்றார். விடைபெறும்போது சொல்வது, அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். தெருவில் இறங்கிய பிறகுதான் அதன் பொருள் நினைவுக்கு வந்தது: மறுபடி பார்ப்போம். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதென்று அம்மா சின்ன வயதிலிருந்து தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.